மாணவர் வாயை அடைக்கவா சட்டம்?

காலேஜ்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பெண்களுக்கு நேரும் தொல்லைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு விதமான வாதங்கள் நம் காதில் விழுகின்றன. ஒரு பெண், "இன்னார் என்னைப் பார்த்து ஆபாசமாகப் பேசுகிறார், தினமும் பேசுகிறார்" என்று சொன்னால், "பேசத்தானே செய்தான், தொட்டானா? பேச்சுக்குக்கூட இந்த நாட்டில் சுதந்திரம் இல்லையா?" என்று ஒரு கனவான் கேட்கிறார். அதே பெண்ணுக்காக நாலு மாணவர்கள் வாசலில் உட்கார்ந்து, "விசாரணை வேண்டும்" என்று அட்டை பிடித்தால், "இது ஒழுங்கீனம், ஸ்தாபனத்தின் பேர் கெட்டுப்போகும், சட்டப்படி இதெல்லாம் ரகசியம், யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று மற்றொரு கனவான் சொல்லுகிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், அநேக இடங்களில் இந்த இரண்டு கனவான்களும் ஒரே ஆள்தான் என்பதேயாகும். தொல்லை கொடுப்பவனுக்கு மாத்திரம் பேச்சுச் சுதந்திரம்; தொல்லைப்பட்டவளுக்கும் அவளுக்காகப் பரிந்து பேசுகிறவனுக்கும் வாய்ப்பூட்டு. இந்தப் புரட்டைப் பற்றித்தான் நாம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலாவது, இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதை நமது தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். படித்த பெரிய மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல இது. ராஜஸ்தானத்தில் பட்டேரி என்னும் கிராமத்தில் பன்வாரி தேவி என்ற ஓர் அம்மையார், குயவர் வகுப்பைச் சேர்ந்தவர், சர்க்காரின் பெண்கள் முன்னேற்றத் திட்டத்தில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். தம்மைவிட மேலான சாதி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பத்தில் நடக்கவிருந்த ஒரு குழந்தைக் கலியாணத்தைத் தடுக்கப் போனார். குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் 1929-லேயே வந்துவிட்டது. அறுபத்து மூன்று வருஷம் கழித்து, 1992-ல், அதை நடத்திவைக்கப் போன பெண்ணுக்கு ஊர் கொடுத்த கூலி கூட்டுப் பலாத்காரம். 1995-ல் ஜில்லாக் கோர்ட்டு எதிரிகளை விடுதலை செய்தது. விடுதலைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, மேல்சாதிக்காரன் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டான் என்பது. தோழர்களே, மனுதர்மம் எங்கோ பரணில் கிடக்கும் பழைய ஏடு என்று நம்மிடம் சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்? தொட்டால் தீட்டு என்ற விதியே குற்றவாளிக்கு ஜாமீனாக வந்து நின்றதல்லவா?

இந்த அநியாயத்தைக் கண்டு கொதித்த பெண்கள் அமைப்புகள் விசாகா என்ற பேரில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதன் பேரில், 1997 ஆகஸ்டு 13-ந் தேதி, வேலை செய்யும் இடங்களில் பெண்களுக்குத் தொல்லை நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை எஜமானனுடையது என்று தீர்ப்பு வந்தது. பார்லிமெண்டு சட்டம் செய்ய இன்னும் 16 வருஷம் ஆயிற்று. 2013-ல் சட்டம் வந்தது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவார் 2015-ஆம் வருஷத்திய விதிகள் என்று செய்து, 2016-ல் வெளியிட்டு, மாணவிகளையும் தெளிவாக அதில் சேர்த்தார்கள். ஆண் மாணவர்களுக்கும் மூன்றாம் பாலினத்தாருக்கும்கூட இந்தத் தொல்லை நேரக்கூடும் என்பதை அந்த விதிகள் ஒப்புக்கொள்ளுகின்றன. ஆகவே இந்தச் சட்டம் ஓர் உழைக்கும் பெண் ஊராரின் மூடப் பழக்கத்தை எதிர்த்து வாயைத் திறந்ததால் வந்தது. வாயைத் திறந்ததால் வந்த சட்டத்தைக் கொண்டே வாயை மூடச் சொல்லுவது எவ்வளவு பெரிய பித்தலாட்டம்!

இனி, "வெறும் பேச்சுத்தானே" என்கிற முதல் கனவானிடம் வருவோம். சட்டம் தொடுவதை மாத்திரம் சொல்லவில்லை. விருப்பமில்லாத பெண்ணிடம் ஆபாசமாகப் பேசுவதையும், இச்சைக்கு இணங்கச் சொல்லிக் கேட்பதையும், ஆபாசப் படங்களைக் காட்டுவதையும் சேர்த்தே குற்றம் என்கிறது. ஏனெனில் பேச்சிலே இரண்டு விதம் உண்டு. "பெண்களுக்குப் படிப்பு எதற்கு?" என்று ஒருவன் மேடையேறிப் பேசினால் அவன் மடையன், அவனுக்கு எதிர் மேடை போட்டுப் பதில் சொல்லலாம். ஒரு பெண் வகுப்புக்குப் போகும் வழியில் நின்று அவள் உடம்பைப் பற்றித் தினமும் பேசினால், அதற்கு எந்த மேடையில் பதில் சொல்லுவது? அது அபிப்பிராயமல்ல. அவளைப் படிக்க விடாமல் விரட்டும் காரியம். இதற்கு இந்த நாட்டில் வெகுகாலமாகக் "கேலி" என்று பேர் வைத்திருந்தார்கள். 1998-ல் சென்னையில் இந்தக் "கேலி"யிலே ஒரு காலேஜ் மாணவி உயிரையே விட்டாள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டு சர்க்கார் இதற்கென்று தனிச் சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தின் தலைப்பிலும் முதலில் "கேலி" என்றுதான் போட்டார்கள்.

இந்த இரண்டு விதப் பேச்சுக்கும் நடுவே கோடு எங்கே போடுவது என்பதை அமெரிக்காக்காரர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கோர்ட்டில் வழக்காடித் தெளிந்து வருகிறார்கள். அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. வியட்நாம் யுத்தத்தைக் கண்டித்துக் கையில் கறுப்புத் துணி கட்டி வந்த பள்ளிப் பிள்ளைகளை அயோவா மாகாணத்தில் வெளியே அனுப்பினார்கள். அவர்களில் ஒரு சிறுமிக்கு வயது 13. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதால் மாணவரின் பேச்சுரிமை போய்விடாது என்று 1969-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. பிறகு ஜார்ஜியா மாகாணத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்றைக் கூடப் படித்த பையன் மாதக்கணக்கில் தொல்லை செய்தான். தாயார் எத்தனையோ தடவை முறையிட்டும், குழந்தையை வேறு இடத்தில் உட்கார வைக்கவே மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. 1999-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து ஜட்ஜுகள் ஒரு பக்கம், நாலு பேர் மறுபக்கம். தெரிந்திருந்தும் கையைக் கட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடம் பொறுப்பாளி என்றார்கள். ஆனால் ஒவ்வொரு சில்லறை வார்த்தைக்கும் அல்ல; கடுமையாகவும், விடாமல் தொடர்ந்தும், நியாயமாகப் பார்க்கிற எவருக்கும் அருவருப்பாகவும் இருந்து, குழந்தையின் படிப்பையே தடுத்தால்தான் என்று அளவும் வைத்தார்கள். படிப்புக்குத் தடையா என்பதே கேள்வி.

இன்னொரு வழக்கு இதைவிட ருசிகரமானது. பென்சில்வேனியாவில் ஒரு பள்ளி நிர்வாகத்தார், பிறர் மனம் புண்படும்படியோ இழிவுபடும்படியோ பேசுவதையும் துன்புறுத்தல் என்று மிக விரிவாக விதி செய்துவிட்டார்கள். கிறிஸ்தவ மதப் பற்றுள்ள ஒருவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். ஓரினச் சேர்க்கை பாவம் என்று பேசத் தம் பிள்ளைகளுக்கு உரிமை வேண்டும் என்பது அவர் கவலை. 2001-ல் அப்பீல் கோர்ட்டு அந்த விதியை ரத்து செய்தது. அவர் பேச நினைத்த பேச்சு நமக்குச் சிறிதும் சம்மதமில்லாதது. அந்தப் பேச்சோடு ஒரு மாணவனைப் பின்தொடர்ந்து வதைத்தால் அதைத் தண்டிக்க வேண்டும் என்பதிலும் நமக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த விதியை அடித்துப் போட்டது சரி என்றே சொல்லுகிறோம்.

ஏன் என்றால், "மனம் புண்படுகிறது" என்ற வார்த்தையால் நம்மைப்போல அடிபட்டவர்கள் யார்? சாமி இல்லை என்றால் புண்படுகிறது. சாதி கூடாது என்றால் புண்படுகிறது. கற்பு இரு பாலாருக்கும் பொது என்றால் புண்படுகிறது. பெரியாரின் "பெண் ஏன் அடிமையானாள்?" என்ற புத்தகத்தில் கற்பும் உண்டு, விபசாரமும் உண்டு, கர்ப்பத்தடையும் உண்டு. அதை ஒரு மாணவி ஹாஸ்டலில் உரக்கப் படித்தாலே "ஆபாசம்" என்று மனுக் கொடுக்க ஆள் தயாராக இருக்கும். 2015 மே மாதத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை எப்படிப் பிடுங்கினார்கள்? டில்லிக்குப் போன ஒரு மொட்டைக் கடிதத்தின் மேல் பிடுங்கினார்கள். நாடெங்கும் கூச்சல் எழுந்த பிறகு ஜூன் மாதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். பேர் போடாத கடிதம் ஒரு வாசக வட்டத்தைக் கலைக்கப் போதுமானதாக இருக்கும் இந்த நாட்டில், பேரும் ஊரும் வகுப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெண்ணின் மனு மாதக்கணக்கில் மேஜையடியில் தூங்குவது ஏன்?

நிற்க. இரண்டாவது கனவானின் "ரகசிய"த்தைப் பார்ப்போம். 2013 சட்டத்தின் 16-வது பிரிவில் ரகசியம் உண்டு, மெய்தான். மனுவிலுள்ள விஷயத்தையும், பெண்ணின் பேரையும், எதிரியின் பேரையும், விசாரணை நடவடிக்கைகளையும் வெளியிடக் கூடாது என்கிறது. இதில் நமக்குச் சண்டையில்லை. விசாரணைக்கு முன்பே தீர்ப்புச் சொல்லுவது பகுத்தறிவல்ல. சாட்சியமில்லாமல் நம்புவது பக்தர்கள் வேலை. நாம் கேட்பது விசாரணைதான். ஆனால் "கமிட்டி எங்கே? மனுக்கள் என்ன ஆயின? விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டுமே, முடிந்ததா?" என்று மாணவர்கள் கேட்பதை அந்தப் பிரிவில் எந்த வரி தடுக்கிறது? பேர் சொல்லாமல், கிடைத்த நீதியைப் பற்றி வெளியிடலாம் என்று அதே பிரிவு அனுமதி வேறு கொடுத்திருக்கிறது. அதை மாத்திரம் எந்த பிரின்சிபாலும் வாசித்துக் காட்டுவதில்லை.

2023 மார்ச்சு கடைசியில் சென்னை கலாக்ஷேத்திராவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். கலையும் தெய்வீகமும் ஒழுகும் இடம் என்று பேர் பெற்ற ஸ்தாபனம். மாணவிகளும் மாணவர்களும் தரையில் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். காலேஜை மூடுகிறோம், ஹாஸ்டலைக் காலி செய்யுங்கள் என்று பதில் வந்தது. பிள்ளைகள் அசையவில்லை. சில நாளில் ஓர் உதவிப் பேராசிரியரைப் போலீஸார் கைது செய்தார்கள். அவர் குற்றவாளியா என்பது கோர்ட்டின் விஷயம். நாம் சொல்லுவது, அந்தப் பிள்ளைகள் "ரகசியம்" என்று மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தால் கோர்ட்டுக்குப் போக விஷயமே இருந்திருக்காது என்பதுதான். ஸ்தாபனத்தின் பேர் கெடும் என்கிறார்களே, அது என்ன பேர்? பெண்ணுக்குக் கற்பு என்று ஒன்றைக் கட்டி அவளை வாய் பேசாமல் வைத்ததுபோல, காலேஜுக்கும் ஒரு கற்பை உண்டாக்கி, அதைக் காப்பாற்றும் வேலையையும் பெண்கள் தலையிலேயே வைத்திருக்கிறார்கள்.

கமிட்டி விஷயத்திலும் விதி நன்றாகத்தான் இருக்கிறது. தலைவர் ஒரு மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும். பாதிக்குக் குறையாமல் பெண்கள் வேண்டும். வெளியார் ஒருவர் வேண்டும். துணைவேந்தர், ரிஜிஸ்திரார், துறைத் தலைவர் முதலானோர் உள்ளே வரக்கூடாது. மாணவர் சம்பந்தப்பட்ட மனுவானால் மூன்று மாணவர்கள் உட்கார வேண்டும். அவர்கள் யாவருமறிய ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். அந்தத் தேர்தலைக் கண்ணால் கண்ட தோழர்கள் எத்தனை பேர்? மாணவர் கூடினாலே குற்றம் என்னும் காலேஜில் தேர்தல் எங்கிருந்து வரும்? செய்முறைப் பரீட்சை மார்க்கும், ஆராய்ச்சிக்குக் கையெழுத்தும் எவன் கையில் இருக்கிறதோ, அவனைப் பற்றித் தனியே நின்று ஒரு பெண் மனு எழுதுவாளா? பக்கத்தில் நாலு பேர் பேசத் துணிந்தால்தான் எழுதுவாள். "நிரூபிக்காவிட்டால் பொய் மனு என்று தண்டனை" என்று மிரட்டுகிறார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னால்தான் தண்டனை, ருசுப்படுத்த முடியாமற்போனது மாத்திரம் பொய்யாகாது என்று 14-வது பிரிவு பச்சையாகச் சொல்லுகிறது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை. 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதே குற்றம். தம் கீழுள்ளவர் செய்ததை மறைத்த ஸ்தாபனத் தலைவருக்கு ஒரு வருஷம் வரை ஜெயில். "தாளாளர் அறையில் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று கூப்பிடுகிறவர் தம்மையே குற்றவாளியாக்கிக் கொள்ளுகிறார்.

கடைசியாக, கிராமத்திலிருந்து பெண்ணை டவுனுக்குப் படிக்க அனுப்பியிருக்கும் தகப்பனார்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பெண் இப்படி ஒரு விஷயத்தை வீட்டில் சொல்லாமல் மறைத்தால், காலேஜ்காரனுக்குப் பயந்து மாத்திரம் மறைப்பதாக எண்ண வேண்டாம். "படித்தது போதும், வீட்டோடு இரு" என்று நீங்கள் சொல்லி, அடுத்த ஆவணியில் கலியாணத்தை முடித்துவிடுவீர்கள் என்று பயந்தே அநேகர் மறைக்கிறார்கள். தப்புச் செய்தவன் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்க, படிப்பை இழப்பவள் உங்கள் பெண். ஆதலால் அடுத்த தடவை சம்பளம் கட்டக் காலேஜுக்குப் போகும்போது, விசாரணைக் கமிட்டியை நியமித்த உத்தரவு எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று ஆபீசில் கேளுங்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்பது 19-வது பிரிவு. கமிட்டியே இல்லை என்றால் 50,000 ரூபாய் வரை அபராதம் என்பது 26-வது பிரிவு. குமாஸ்தா முழித்தால் பிரின்சிபாலிடம் போய், பெண்ணையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவள் காது கேட்கக் கேளுங்கள்.