செயற்கைக்கோள் அலைக்கற்றை: பழைய விதி மாறுகிறது, யாருக்காக?

மொட்டை மாடியில் டி.டி.எச். டிஷ் பொருத்த வருபவர் அதை ஒரு திசையில், ஒரு சாய்வில் திருப்பி இறுக்கிவிட்டுப் போகிறார். அதன்பின் நாம் அதைத் தொடுவதே இல்லை. அந்த டிஷ் பார்த்துக் கொண்டிருக்கும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிகிறது. அதனால்தான் டிஷ்ஷைத் திருப்ப வேண்டியதில்லை.

இன்று அந்த டிஷ்ஷுக்கும் அதன் செயற்கைக்கோளுக்கும் இடையே, சுமார் 550 கி.மீ. உயரத்தில், ஸ்டார்லிங்க்கின் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கொண்டிருக்கின்றன. இருவரும் பயன்படுத்தும் அலைக்கற்றையில் பெரும்பகுதி ஒன்றுதான். கீழே ஓடுபவர் உரக்கப் பேசினால் மேலே நிற்பவர் பேசுவது நமக்குக் கேட்காது.

இதைத் தடுக்க ஒரு விதி இருக்கிறது. ஐ.நா.வின் அமைப்பான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2000ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் நடத்திய உலக வானொலி மாநாட்டில் அது ஏற்கப்பட்டது. தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்கள் எல்லாம் சேர்ந்து தரையில் ஓர் இடத்தில் எவ்வளவு அலைவலுவை விழச் செய்யலாம் என்பதற்கு உச்சவரம்பு விதித்தார்கள். மேலே நிற்பவருக்கே முன்னுரிமை. கீழே ஓடுபவர் அடக்கி வாசிக்க வேண்டும்.

அந்த வரம்பு கணக்கிடப்பட்டபோது இத்தகைய பெருங்கூட்டங்கள் காகிதத்தில் மட்டுமே இருந்தன. இன்றைய செயற்கைக்கோளால் தன் அலைக்கற்றையை நொடிப்பொழுதில் வேறு பக்கம் திருப்ப முடியும். ஆகவே விதி பழையதாகிவிட்டது என்கிறது ஸ்பேஸ்எக்ஸ். 2023இல் துபாயில் கூடிய மாநாட்டில் இந்த வரம்பை மறுபரிசீலனை செய்யும் கோரிக்கை வந்தபோது பல நாடுகள் எதிர்த்தன. தொழில்நுட்ப ஆய்வு நடக்கலாம், ஆனால் அதைக் காட்டி 2027இல் விதியை மாற்றக் கூடாது என்ற அளவில் முடிந்தது. உலகம் இப்படிச் சொல்லியிருக்க, 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் தன் நாட்டளவில் இதே வரம்பைத் திருத்துவதற்கான நடைமுறையைத் தொடங்கியது. 'நவீனமயமாக்கல்' என்பது அதற்கு வைத்த பெயர்.

தொழில்நுட்ப வாதத்தில் நியாயம் இருக்கிறது. கால் நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கை இன்றைய கருவியின் மேல் சுமத்துவது அலைக்கற்றையை வீணடிப்பதுதான். ஆனால் எந்த விதி பழையது என்பதை முடிவு செய்வது யார்? இதைவிடப் பழைய ஒரு விதி இருக்கிறது. அதை நவீனப்படுத்த வல்லரசுகள் இந்த அளவுக்கு அவசரம் காட்டுவதில்லை.

அதுதான் 'முதலில் வந்தவருக்கு முதலிடம்' என்ற வரிசை முறை. ஒன்றியத்தின் சாசனம் அலைக்கற்றையையும் சுற்றுப்பாதையையும் வரம்புக்குட்பட்ட இயற்கை வளங்கள் என்கிறது. எல்லா நாடுகளுக்கும் அவை சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. நடைமுறையிலோ முதலில் பதிந்தவருக்கே வழி. இதை எதிர்த்துத்தான் கொலம்பியா, இந்தோனேசியா, கென்யா, உகாண்டா முதலிய நிலநடுக்கோட்டு நாடுகள் 1976இல் பொகோட்டாவில் கூடி, தங்கள் தலைக்கு மேலுள்ள பாதை தங்களுக்கே சொந்தம் என்று அறிவித்தன. யாரும் ஏற்கவில்லை. ஆனால் அந்த அழுத்தம் வீண்போகவில்லை. 1988இல் ஒவ்வொரு நாட்டுக்கும் 35,786 கி.மீ. உயரப் பாதையில் ஓர் இடமும் குறிப்பிட்ட அலைக்கற்றையும் ஒதுக்கிவைக்கும் திட்டம் வந்தது. ராக்கெட் இல்லாத நாட்டுக்கும் ஒரு பங்கு.

தாழ்வான பாதைக்கு அப்படி ஒரு பங்கீடு இல்லை. முந்துபவர் முழுவதையும் வளைக்கலாம். சின்ன நாடுகள் எல்லாம் அப்பாவிகள் என்றும் எண்ண வேண்டாம். டோங்கா என்ற குட்டித் தீவு நாடு எண்பதுகளின் இறுதியில் 16 இடங்களுக்குப் பதிவு செய்தது, வாடகைக்கு விடும் எண்ணத்தில். 2021இல் ருவாண்டா 3,27,320 செயற்கைக்கோள்களுக்குப் பதிவு செய்தது. பின்னால் இருந்தது ஒரு தனியார் நிறுவனம். இத்தகைய காகிதக் கோள்களைக் கட்டுப்படுத்தத்தான் 2019 ஷர்ம் அல் ஷேக் மாநாடு ஒரு கெடு வைத்தது: பதிவு செய்த பின் கிடைக்கும் ஏழு ஆண்டு முடிந்ததும், அடுத்த 2 ஆண்டில் 10 சதவீதம், 5 ஆண்டில் பாதி, 7 ஆண்டில் அனைத்தையும் ஏவியாக வேண்டும். நல்ல விதி. ஆனால் கெடுவுக்குள் ஏவக்கூடிய பணமும் ராக்கெட்டும் யாரிடம் இருக்கின்றன என்று பாருங்கள்.

இன்னொன்று, அனுமதி. தன் மண்ணில் அனுமதியின்றி ஸ்டார்லிங்க் சேவை நடக்கிறது என்று ஈரான் ஒன்றியத்தில் முறையிட்டது. அங்குள்ள வானொலி ஒழுங்குமுறை வாரியம் ஈரானின் வாதத்தை ஏற்று, அமெரிக்காவையும் நார்வேயையும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. தன் மக்களின் இணையத்தையே துண்டிக்கும் அரசு இறையாண்மை பேசுகிறதே என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. அதே நேரம், இறையாண்மை இல்லாத இடத்தின் கதி என்ன என்பதற்கு ஃபலஸ்தீன் சாட்சி. 1995ஆம் ஆண்டின் ஓஸ்லோ உடன்படிக்கைக்குப் பிறகும் அங்கே அலைக்கற்றையின் சாவி இஸ்ரேல் கையில். மேற்குக் கரைக்கு 3ஜி கிடைத்ததே 2018இல்தான். காஸாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2ஜி என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தபின், அலைக்கற்றை என்றாலே ஏலம் என்றாகிவிட்டது. 2022இல் 5ஜி ஏலத்தில் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய் வந்தது. செயற்கைக்கோள் அலைக்கற்றைக்கு ஏலம் வேண்டாம், நிர்வாக ஒதுக்கீடு போதும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். ஒரே அலைக்கற்றையைப் பல நிறுவனங்கள் பகிர முடியும் என்பதால் இது ஏற்கத்தக்கதே. ஆனால் விலை? 2025 மே மாதம் டிராய் பரிந்துரைத்தது சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 4 சதவீதம். நகர்ப்புற வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆண்டுக்குக் கூடுதலாக 500 ரூபாய். கோடிகளைக் கொட்டி ஏலம் எடுத்த செல்பேசி நிறுவனங்கள் இது மிகக் குறைவு என்று கொதித்தன. அவர்கள் கவலை அவர்களுடைய லாபம்தான். என்றாலும், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாட்டில், அந்தச் சொத்தின் வாடகை பற்றிப் பொதுமக்கள் பேசாமல் இருப்பது ஆச்சரியம்.

அடுத்த உலக வானொலி மாநாடு 2027இல் சீனாவின் ஷாங்காயில் கூடுகிறது. இந்தியா இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும் நாடு. இஸ்ரோவின் ஜிசாட் கோள்கள் மேலே நிற்கின்றன. கோபுரம் எட்டாத மலைக் கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் கீழே ஓடுபவற்றின் இணையம் தேவைப்படுகிறது. வரம்பைத் தளர்த்த ஒப்புக்கொள்வதானால், அதற்கு விலையாகத் தாழ்வான பாதையிலும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்கிவைக்கும்படி இந்தியா கேட்கலாம். 1988இல் மேல் பாதைக்குச் செய்ததைத்தானே கீழ்ப் பாதைக்கும் கேட்கிறோம்.