கொழுப்புக் குமிழிக்கும் கையேந்துவதா?

புது தில்லி: கருப்புப் பூஞ்சை நோய் 2021 மே மாதம் பரவியபோது, ஆம்போடெரிசின்-பி மருந்துக்காக நோயாளிகளின் உறவினர்கள் அலையாத இடமில்லை. மாநிலங்களுக்குக் குப்பிகளைப் பங்கிட்டுத் தரும் வேலையை மத்திய அரசே ஏற்க நேர்ந்தது. ஜூன் 12-ல் ஜிஎஸ்டி கவுன்சில் இம்மருந்துக்கான 5 சதவீத வரியை நீக்கியது. வரியை நீக்க ஒரு கூட்டம் போதும். மருந்தை உருவாக்க அது போதாது.

அன்று பெரிதும் தேடப்பட்டது அம்மருந்தின் லைப்போசோம் வடிவமே. பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை விலகும். நீரில் சேர்ந்தால் இவை தாமாகவே அணிவகுத்து நுண்குமிழிகளாகின்றன. ஆலையில் பக்குவப்படுத்தினால் அளவு 100 நானோமீட்டருக்கும் கீழ். மருந்து குமிழியின் சுவரிலேயே தங்கிச் செல்வதால் சிறுநீரகத்துக்கு நேரும் தீங்கு பெருமளவு குறைகிறது.

பிகாரில் ஏழைகளை வாட்டிய காலா அஸார் நோயில் இதன் அருமை இன்னும் தெளிவு. அந்நோயின் ஒட்டுண்ணி மண்ணீரல், கல்லீரலில் உள்ள விழுங்கணுக்களுக்குள் ஒளிந்து வாழ்கிறது. குமிழியை அந்நியப் பொருளாகக் கருதி அதே அணுக்கள் விழுங்க, மருந்து ஒட்டுண்ணியின் வீட்டுக்கே போய்ச் சேருகிறது. முன்பு ஒன்றுவிட்டு ஒருநாள் என 15 முறை, ஏறத்தாழ ஒரு மாதம் மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. ஒரே முறை ஏற்றினால் போதும் என பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் ஷியாம் சுந்தர் குழு 2010-ல் நிறுவியது. தினக்கூலிக்கு ஒரு மாதம் என்பது எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அரசுத் திட்டத்துக்கான அம்மருந்து, அமெரிக்காவின் கிலியட் நிறுவனம் உலக சுகாதார நிறுவனம் வழியே தந்த நன்கொடை!

அறிவுக்குப் பஞ்சமில்லை. பேராசிரியர் பச்சாவத்தின் தில்லி பல்கலைக்கழகக் குழுவும் மும்பை கே.இ.எம். மருத்துவமனையும் உள்நாட்டிலேயே லைப்போசோம் மருந்தை உருவாக்கிக் காட்டின. 2007-ல் ரூ. 1,000 கோடியில் நானோ இயக்கம் வந்தது. 2019-ல் நானோ மருந்துகளுக்கான மதிப்பீட்டு நெறிமுறைகளும் வந்தன. இடறியது தூய கொழுப்பு மூலப்பொருளில். 2021 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற ரூ. 15,000 கோடி ஊக்கத்தொகைத் திட்டத்தில் சிக்கலான துணைப்பொருள்கள் ஒரு வரியாக இடம்பெற்றன. ஊக்கத்தொகை சரி, வாங்குபவர் யார்?

ஏழையின் நோய்க்குச் சந்தை கிடையாது. காலா அஸார் ஒழிப்பு இலக்கை இந்தியா 2023-ல் எட்டிய பின் நோயாளிகள் மேலும் குறைவர். உற்பத்தியாளரின் ஆர்வமும் குறையும். ஆகவே அரசே பல ஆண்டுகளுக்குக் கொள்முதல் உறுதி அளித்து, இருப்பும் வைக்க வேண்டும். ஆராய்ச்சி அறிவியல் அமைச்சகத்திடம், மருந்துத் துறை ரசாயன அமைச்சகத்திடம், நோயாளி சுகாதார அமைச்சகத்திடம் என்று கோப்பு மூன்று கட்டடங்களில் கிடப்பதே தில்லியின் வழக்கம். இந்த ஒரு மருந்துக்காகவேனும் அந்த மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருமாறு நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் வற்புறுத்தலாம்.