நாலா, எட்டா?

என் மனைவிக்கு முழங்கால் வலி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் வைத்தியம் பார்த்த டாக்டர் ஒரு நோட்டு போடச் சொன்னார். தினமும் ராத்திரி, வலி எவ்வளவு என்று பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். கண்ணாடி போட்டாலும் அவளுக்குச் சின்னக் கட்டம் தெரியாது. வீட்டில் எழுத்து வேலை என்றால் நான்தானே! சர்க்கார் ஆபீசில் 34 வருஷம் ரிஜிஸ்டர் எழுதிய கை.

எப்படி எழுதினேன் என்று கேளுங்கள். டாக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து, மூன்று வாரத்துக் கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். 4, 4, 5, 4, 3. நடுவில் இரண்டு நாளுக்கு வேறு மை. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் நோட்டில் ஒரு வரி காலியாக விட்டால் வாத்தியார் முட்டி போட வைப்பார். அதிலிருந்தே காலி இடத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். டாக்டர் நோட்டைப் பார்த்தார், "பரவாயில்லையே" என்றார், அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். இப்படியே பல மாதம் போயிற்று.

போன வருஷம் வேறோர் ஆஸ்பத்திரியில் மூட்டுவலி மருந்து ஆராய்ச்சி ஒன்றில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே நோட்டு கிடையாது. ஒரு போன் கொடுத்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குச் சத்தம் போடும். தமிழில் கேள்வி, பெரிய பெரிய எண்கள். பத்து மணிக்கு மூடிக்கொள்ளும், நேற்றைய கணக்கை இன்று போட முடியாது. முதல் நாள் நான் வழக்கம்போல் கையை நீட்டினேன். "இருங்க, நானே அமுக்கறேன்" என்று எட்டை அமுக்கினாள்.

"எட்டா? நாலுதானே இருந்தது?"

"நாலுன்னு நீங்கதானே எழுதினீங்க. என்னை ஒரு நாளாவது கேட்டீங்களா?"

என்னைப் போன்றவர்கள் அமெரிக்காவிலும் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு. தீராத வலி உள்ள 80 பேர். பாதிப் பேருக்குக் காகித டயரி, பாதிப் பேருக்குக் கையடக்கக் கருவி. காகித டயரியின் அட்டைக்குள், எப்போது திறக்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ளும் ஒளி உணரி ஒன்றை ஒளித்து வைத்திருந்தார்கள். சரியான நேரத்தில் எழுதியதாகக் காகிதக்காரர்கள் காட்டிய கணக்கு 90 சதவீதம். உண்மை 11 சதவீதம்! கருவி வைத்திருந்தவர்கள் 94 சதவீதம். இந்த மாதிரிக் காகிதங்களை நம்பித்தானே எத்தனையோ மருந்துகளை நல்லது, கெட்டது என்று முடிவு செய்திருப்பார்கள்?

அதனால் மின்னணு டயரி வரட்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் நேரத்தை ஏமாற்ற விடாத கருவியையும் மனுஷன் வேறு வழியில் ஏமாற்றுவான்.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. காசநோய் மாத்திரைக்கு '99 டாட்ஸ்' என்று ஒரு முறை, பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது. மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கினால் பின்னால் மறைந்திருக்கும் ஒரு போன் நம்பர் தெரியும். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மாத்திரை சாப்பிட்டதாகக் கணக்கு. அருமையான யோசனை, பட்டன் போனே போதும். ஆனால் சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் வீட்டுக்குத் திடீரென்று போய்ச் சிறுநீரைச் சோதித்தபோது, போன் கணக்கும் சோதனையும் பலருக்கு ஒத்துப்போகவில்லை. சாப்பிட்டும் கூப்பிடாதவர்கள் உண்டு, கூப்பிட்டும் சாப்பிடாதவர்கள் உண்டு. திடீர் விஜயமும் சிறுநீர்ச் சோதனையும் புதிதல்ல. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களிடம் அப்போதே அதைச் செய்தது.

ஏன் பொய் சொல்கிறோம்? திட்டு வாங்கப் பயந்துதான். போன மாதம் வில்லியனூரில் ஒரு கல்யாணம், போனை வீட்டிலேயே மறந்துவிட்டோம். அன்றைய கணக்கு விட்டுப்போயிற்று. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "ஏம்மா போடல? இப்படி விட்டா எப்படி?" என்று அதட்டினாள். என் மனைவி அன்று ராத்திரி ஒன்பது அடிக்கும் முன்பே போனும் கையுமாக உட்கார்ந்து, சத்தம் வந்ததும் யோசிக்காமல் ஐந்தை அமுக்கினாள். வலியைக் கேட்டதற்கு, "ஏதோ ஒண்ணு போட்டுட்டேன், இல்லாட்டி அது திட்டும்" என்றாள். என் நாலுக்கும் அந்த ஐந்துக்கும் என்ன வித்தியாசம்?

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானே அந்தப் பெண்ணிடம் பேசினேன். "பாப்பா, விட்டுப்போனா விட்டுப்போனதாவே இருக்கட்டும். காரணம் மட்டும் கேளு, அதட்டாதே" என்றேன். முகத்தைச் சுளித்தாலும் குறித்துக்கொண்டாள். 'இன்று முடியவில்லை' என்று ஒரு பொத்தானும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மேலே சொல்கிறோம் என்றார்கள்.

நேற்று ஏழு போட்டாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கையைக் கட்டிக்கொண்டு.