அடுத்த பைனலில் யார் வெல்லுவார்? என்ட கணக்கு



"சேர், அல்கராஸா சின்னரா?"

இந்தக் கேள்வி இப்ப எனக்கு வாரத்தில் நாலு தரமாவது வருகிறது. கிரிக்கெட்டையும் உதைபந்தையும் தவிர வேறெதையும் கணக்கெடுக்காத ஊரில் டென்னிஸ் பற்றிக் கேட்கிறார்கள் என்றால் சந்தோசப்படத்தான் வேணும். மெக்கெய்சரிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் பந்து உதைத்து வளர்ந்த பொடியன்கள், வாழ்நாளில் ஒரு ரெக்கெட்டைத் தொடாதவர்கள், டைபிரேக் என்றால் என்ன என்று எனக்கே விளக்கம் தருகிறார்கள். ஆனால் கொஞ்சம் கதை கொடுத்துப் பார்த்தால் சந்தோசம் குறைந்துபோகிறது. பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்ப்பதே இல்லை. ஸ்கோரை மட்டும்தான் பார்க்கிறார்கள். போனில் காசு வைத்திருக்கிறார்கள்.

அதனால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். என்ட கணிப்பு கடைசியில் இருக்கு, அவசரக்காரர்கள் நேரே அங்கே போகலாம்.

முதலில் 2025 ஜூன் 8. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. அதனால் நம்மவர்களில் பலர் நடுச்சாமம் வரை விழித்திருந்து பார்த்தார்கள். பிரெஞ்சு ஓபன் பைனல். முதல் இரண்டு செட்டும் சின்னருக்கு, மூன்றாவது அல்கராஸுக்கு. நாலாவது செட்டில் சின்னர் 5-3 என்று முன்னால் நிற்கிறார், அல்கராஸின் சேர்வில் 0-40. மூன்று சாம்பியன் புள்ளிகள் கையில். அதில் ஒன்றே ஒன்றை எடுத்தால் கிண்ணம் அவருக்கு. அந்த நிமிடத்தில் எந்தக் கெட்டிக்காரனைக் கேட்டிருந்தாலும் சின்னர் என்றுதான் சொல்லியிருப்பான், அப்படிச் சொன்னது பிழையுமில்லை. மூன்றும் கைவிட்டுப் போனது. 5 மணி 29 நிமிடம் ஓடி, அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிக நீண்ட பைனலாக முடிந்தது. கடைசி டைபிரேக் 10-2. கிண்ணம் அல்கராஸுக்கு.

இனி இதைக் கவனியுங்கள். அந்த முழு ஆட்டத்திலும் சின்னர் எடுத்த புள்ளிகள் 193, அல்கராஸ் எடுத்தது 192. கூட எடுத்தவர்தான் தோற்றவர்.

இது அபூர்வமான ஒன்று என்று நினைக்க வேண்டாம். 2019 விம்பிள்டன் பைனலில் பெடரர் 218 புள்ளி எடுத்தார், ஜோகோவிச் 204. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று இருந்தபோது பெடரரிடம் இரண்டு சாம்பியன் புள்ளிகள் இருந்தன. வென்றது ஜோகோவிச். கிரிக்கெட்டில் கூட ரன் எடுத்த பக்கம் தோற்காது. டென்னிஸில் அது நடக்கும், ஏனென்றால் எல்லாப் புள்ளிக்கும் ஒரே பெறுமதி இல்லை. 40-0இல் விடுகிற புள்ளியும் டைபிரேக்கில் 6-6இல் விடுகிற புள்ளியும் ஒன்றா?

2025 நவம்பரில் டியூரின் பைனலோடு இந்த இருவரும் 16 தரம் மோதி முடித்தார்கள். அல்கராஸுக்கு 10 வெற்றி, சின்னருக்கு 6. இதை வைத்து "அல்கராஸ்தான், சந்தேகமே இல்லை" என்று கொமன்ட் போடுகிறவர்கள் அந்த 16 ஆட்டத்துப் புள்ளிகளையும் கூட்டிப் பார்க்க வேணும். ஒருவருக்கு 1651. மற்றவருக்கும் 1651.

நான் கணக்குப் படிப்பிக்கிறவன், ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போடாமல் விடமாட்டேன். இரண்டு பேரில் ஒருவர் கொஞ்சமே கொஞ்சம் கெட்டிக்காரர், 100 புள்ளி ஆடினால் 51 எடுப்பார் என்று வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி என்று எடுத்து, ஐந்து செட் ஆட்டத்துக்குக் கணக்கைக் கொண்டுபோனால், அவர் 100 ஆட்டத்தில் சுமார் 63 வெல்லுவார். 51க்குப் பதிலாக 55 என்று போட்டால் 95 வெல்லுவார். நாலே நாலு புள்ளி வித்தியாசம் 63ஐ 95 ஆக்கிவிடுகிறது. பெடரர் 2024இல் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது இதைத்தான் தன் கணக்கில் சொன்னார்: ஒற்றையர் ஆட்டம் 1526 ஆடியிருக்கிறார், கிட்டத்தட்ட 80 வீதம் வெற்றி, ஆனால் எடுத்த புள்ளிகள் 54 வீதம்தான்.

சாதாரண ஆட்டத்தை ஓரளவு கணிக்கலாம் என்பதற்கும், உண்மையான இரண்டு எதிரிகள் மோதும் ஆட்டத்தைக் கணிக்க ஏலாது என்பதற்கும் காரணம் இதுதான். முதல் சுற்றில் சின்னர் நூறாவது இடத்துக்காரனோடு ஆடினால் 55 பக்கம். அல்கராஸோடு ஆடினால் 50, 51. அன்றைக்கு யாருக்கு இரவு நித்திரை வந்தது, காற்று எந்தப் பக்கம், எந்தப் பந்து வலையில் பட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்பதெல்லாம் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும்.

கணிப்புப் பிழைப்பது புதுக்கதையும் இல்லை. தமிழ் பேசும் பக்கத்திலேயே அதற்குப் பெரிய உதாரணம் இருக்கு. எங்கட வாப்பாமார் காலத்தில், 1970களில், டென்னிஸின் "ஏ, பி, சி" என்று ஒரு பேச்சு இருந்தது. ஏ என்றால் அமிர்தராஜ், பி போர்க், சி கொனர்ஸ். இனி இந்த மூன்று பேரும்தான் டென்னிஸை ஆளப்போகிறார்கள் என்று விசயம் தெரிந்தவர்களே சொன்னார்கள். மெட்ராஸ் விஜய் அமிர்தராஜ் 1973இல் அமெரிக்க ஓபனில் ரொட் லேவரையே தோற்கடித்தவர், அடுத்த வருசம் அதே இடத்தில் போர்க்கையும் தோற்கடித்தவர். அப்படி எதிர்பார்க்கக் காரணம் இருந்தது. நடந்தது என்ன? போர்க்குக்கு 11 கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள். கொனர்ஸுக்கு 8. அமிர்தராஜுக்கு ஒன்றும் இல்லை. 1973 விம்பிள்டன் காலிறுதியில் யான் கொடேஷிடம் ஐந்தாவது செட்டில் 7-5 என்று தோற்றார், கொடேஷ் அந்த முறை கிண்ணத்தையே கொண்டுபோனார். 1981இல் திரும்பவும் விம்பிள்டன் காலிறுதி, கொனர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டும் கையில். அதையும் கொனர்ஸ் திருப்பிவிட்டார். எங்கட பக்கத்தில் அவரை டென்னிஸில் தெரிந்தவர்களைவிட 1983இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படம் ஒக்டபஸியில் கண்டவர்கள்தான் கூட.

"சரி, அந்த மனிசன் முடிந்தார்" என்று கணித்தவர்களுக்கும் அதே கதிதான். 1984இல் ஜோன் மெக்கன்ரோ 82 ஆட்டம் வென்று மூன்றில் மட்டும் தோற்றார். டென்னிஸில் ஒருவர் ஆடிய மிகச் சிறந்த வருசங்களில் ஒன்று என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த மூன்று தோல்வியில் ஒன்று சின்சினாட்டியில், முதல் சுற்றிலேயே, 30 வயது அமிர்தராஜிடம். யார் கணித்திருப்பான்?

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் மிகப் பிடித்தது. 1974 டேவிஸ் கிண்ண அரையிறுதியில் விஜயும் அண்ணன் ஆனந்தும் இருந்த இந்திய அணி சோவியத் ஒன்றியத்தை வென்று பைனலுக்கு வந்தது. எதிரே தென்னாபிரிக்கா. அங்கே நிறவெறி ஆட்சி. இந்தியா ஆட மறுத்தது, கிண்ணம் ஆடாமலே தென்னாபிரிக்காவுக்குப் போனது. அந்தப் பைனலில் யார் வென்றிருப்பார் என்று எவராலும் சொல்ல ஏலாது. ஆனால் இந்தியா செய்த வேலையில் இன்றைக்கும் ஒருவரும் பிழை காண்பதில்லை.

இப்ப போன் கதைக்கு வருவம்.

தம்பிமார் எனக்குக் காட்டும் ஸ்கிரீன்ஷொட்களில் "நூற்றுக்கு நூறு நிச்சயம், ஐந்துக்கு ஐந்து சரி" என்று டெலிகிராம் குறூப்புகள் இருக்கின்றன. ஐந்து தரம் தொடர்ந்து சரியாகச் சொன்னவனை எப்படி நம்பாமல் இருப்பது என்று கேட்கிறார்கள். இது எப்படிச் செய்யலாம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். 640 பேரின் நம்பரை எடு. 320 பேருக்கு அல்கராஸ் என்று அனுப்பு, 320 பேருக்குச் சின்னர் என்று அனுப்பு. பிழைத்த பாதியை விட்டுவிடு. மிச்சம் 320. அடுத்த ஆட்டத்துக்கு அதையும் பாதியாகப் பிரி. 160, 80, 40, 20. ஐந்து ஆட்டம் முடியும்போது 20 பேர் மிச்சம், அந்த 20 பேருக்கும் அவன் ஒரு கறாமத்துக்காரன். ஆறாவது ஆட்டத்துக்குக் காசு கேட்பான். கொடுப்பார்கள்.

அந்த ஏமாற்று இல்லாவிட்டாலும் கணக்கு நமக்கு எதிரானதுதான். சரிசமமான ஆட்டத்துக்கு இரண்டு பக்கமும் 1.90 என்று போட்டிருப்பான். இரண்டு பேர் ஆளுக்கு ஆயிரம் வைத்தால் உள்ளே வருவது 2000, வென்றவனுக்குப் போவது 1900. யார் வென்றாலும் 100 ரூபாய் நடத்துகிறவனுக்கு. அவன் கணிக்கவே தேவையில்லை. அவனுக்கு அல்கராஸையும் தெரியத் தேவையில்லை, சின்னரையும் தெரியத் தேவையில்லை.

டென்னிஸ் ஏன் இதற்கு இவ்வளவு வசதி? உலகத்தில் எங்கேயோ ஒரு மூலையில் எந்த நேரமும் ஒரு ஆட்டம் நடக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் காசு வைக்கலாம். பெரிய பைனல் இல்லாத நாட்களில் இவர்கள் காசு வைப்பது பெயரே கேள்விப்படாத இரண்டு பேரின் ஆட்டத்தில். அந்தக் கீழ்மட்டப் போட்டிகளில் ஆட்டத்தை விற்பது பெரிய பிரச்சினை என்று 2018இல் டென்னிஸின் நேர்மை பற்றி ஆராய்ந்த சுயாதீனக் குழுவே எழுதியது. பரிசுப் பணம் செலவுக்கே காணாத ஆட்டக்காரன், தனி ஆள், ஒரு செட்டை விட்டுக்கொடுத்தால் யாருக்குத் தெரியும்? கிண்ணியாவில் இருந்துகொண்டு அதைக் கணிக்கிறானாம் நம்மட பொடியன்!

முன்பு ரேஸ் புக்கிக்குள் நுழைகிற மனிசனை ஊர் கண்டது. வீட்டுக்குக் கதை போகும், பள்ளியில் ஒரு பெரியவர் தோளில் கை போட்டுக் கேட்பார். இப்ப பொடியன் உம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டே தோற்கிறான். ஓ.எல். எழுதிவிட்டு ஐஸ் லொறியில் ஏறிச் சம்பாதித்த காசு, ரீலோட் காசு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. யாருக்கும் தெரிவதில்லை.

சில தம்பிமார் என்னிடம் அபூபக்ர் (ரழி) அவர்கள் ரோமர், பாரசீகர் விசயத்தில் பந்தயம் பிடித்த சம்பவத்தைக் கொண்டு வருகிறார்கள். மார்க்கத் தீர்ப்பு உலமாக்களின் வேலை, என்ட வேலையில்லை. ஆனால் அந்தச் சம்பவத்தைச் சொல்லும் தப்ஸீர்களிலேயே அது சூது தடுக்கப்பட முன்னர் நடந்தது என்றும் இருக்கு. அதோடு அவர் நம்பிச் சொன்னது வஹீயை. நீ நம்புவது டெலிகிராமை.

இதற்காக யாரும் கணிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கட கடல் போகிற பெரியவர்கள் வாடை எப்ப திரும்பும், இன்றைக்குக் கடல் எப்படி இருக்கும் என்று வானத்தைப் பார்த்துச் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும். சொல்லிவிட்டு இன்ஷா அல்லாஹ் என்பார்கள், தோணியை ஒரு கயிறு கூடப் போட்டுக் கட்டுவார்கள். அந்த மாதிரிக் கணிப்பைத்தான் நான் வகுப்பில் பழக்குகிறேன். ஆட்டத்துக்கு முதல் நாள் ஒரு கொப்பியில் யார் வெல்லுவார், நூற்றுக்கு எத்தனை, என்ன காரணம் என்று எழுது. ஒரு சதமும் வைக்காதே. இருபது ஆட்டம் முடிந்ததும் கொப்பியைத் திற. 70 என்று எழுதிய ஆட்டங்களில் பத்துக்கு ஏழு சரி வந்திருக்கா? நிகழ்தகவுப் பாடத்தை இதைவிட நன்றாகப் படிப்பிக்க எனக்குத் தெரியாது. பெற்றோரும் வீட்டில் செய்து பார்க்கலாம், பொடியனோடு கதைக்க ஒரு சாட்டும் கிடைக்கும்.

சரி, என்ட கணக்கு. 2025 முடிவு வரையுள்ள ஆட்டங்களை வைத்துச் சொல்கிறேன். களிமண் தரையில் அல்கராஸ் 3, சின்னர் 1. அங்கே அடுத்த பைனல் என்றால் அல்கராஸ், நூற்றுக்கு 58. புற்றரையில் இரண்டு தரம் மோதி இரண்டும் சின்னருக்கு, அதுவும் அல்கராஸ் 2023, 2024 என்று இரண்டு தரம் விம்பிள்டன் எடுத்தவராக இருந்தும். ஆனால் இரண்டு ஆட்டம் காணாது, சின்னர் 53. கூரைக்குள் காற்றில்லாத ஹாட் கோர்ட்டில் சின்னர் 57. வெளி ஹாட் கோர்ட்டில் அல்கராஸ் 54.

உங்கட நம்பரைக் காரணத்தோடு கொமன்ட்டில் எழுதுங்கள். காரணம் இல்லாத நம்பரை நான் எண்ணமாட்டேன். பைனல் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துத் திருத்திப் போடுகிறேன், என்ட நம்பரையும் சேர்த்துத்தான்.