பால் ஊற்றாத மாட்டுக்கும் வயிறு உண்டு!



போன பட்டுவாடா அன்று ஒரு பால் சொசைட்டி வாசலில் நடந்தது இது. எட்டு மாசச் சினை எருமை வைத்திருக்கும் ஓர் அம்மா தீவன மூட்டை கேட்டு நிற்கிறார். "ஏம்மா, பதினைஞ்சு நாளா நீங்க பாலே ஊத்தல. எந்தக் கணக்குல மூட்டையை எழுதறது?" என்கிறார் எழுத்தர். "கன்னு போட்டதும் உங்களுக்குத்தானே தம்பி ஊத்தப்போறேன்" என்று அந்த அம்மா சொன்னது எடுபடவில்லை. வெறுங்கையோடு திரும்பினார். எழுத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை. பால் பணத்தில் பிடிக்க வழியிருந்தால்தான் மூட்டை என்கிற ஏற்பாடு அப்படி.

இந்த ஏற்பாட்டால்தான் நம் எருமைகள் பாழாகின்றன என்கிறோம்.

எருமைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 310 நாள். பசுவைவிட ஒரு மாதம் கூடுதல். வயிற்றுக் கன்று எடை போடுவதில் பெரும்பகுதி கடைசி இரண்டு மூன்று மாதத்தில்தான். அதனால்தான் ஈனுவதற்கு 2 மாதம் முன்பே கறவையை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்துகிறோம். ஆனால் கறவையோடு தீவனத்தையும் சேர்த்தல்லவா நிறுத்திவிடுகிறோம்! பால் தராத மாட்டுக்குப் புண்ணாக்கு எதற்கு என்று வைக்கோலை உதறிப் போடுவது நம் வீடுகளில் சகஜம். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். காசு வராத இரண்டு மாதம், என்ன செய்வது?

வெறும் வைக்கோலில் மணிச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தையும் உடம்பில் ஒட்டவிடாது. நிறைசினையில் மாடு படுத்தால் அடி தள்ளிப் பின்புறம் சதை வெளியே வந்துவிடுகிறது. சில எருமைகள் காபித் தண்ணி மாதிரி மூத்திரம் போகும். "சூடு" என்று மோரை ஊற்றிக்கொண்டிருப்போம். பல நேரம் அது மணிச்சத்து குறைந்து ரத்த அணுக்கள் உடைவதால் வருவது. உடனே டாக்டர் ஊசி போடாவிட்டால் மாடு தங்காது. தப்பிப் பிழைத்து ஈன்றாலும் நஞ்சு விழாது, மடி இறங்காது, அடுத்த சினைக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடக்கணும்.

இதைத் தடுக்க வேண்டியது மலையளவு ஒன்றுமில்லை. பசும்புல், வைக்கோலோடு நாளைக்கு 2 கிலோ அடர்தீவனம், 50 கிராம் தாது உப்பு. 60 நாளுக்குக் கணக்குப் போட்டால் 120 கிலோ. 50 கிலோ மூட்டையில் இரண்டரை மூட்டைகூட இல்லை! தாது உப்பு 3 கிலோ.

காசில்லாமல் நாம் செய்யக்கூடியதும் உண்டு. எருமைக்கு வேர்வைச் சுரப்பி குறைவு. குட்டையில் விட வழியில்லாவிட்டால் தினம் இரண்டு வேளையாவது உடம்பில் தண்ணீர் ஊற்றுங்க. கட்டுத்தரை பின்பக்கம் சரிவாக இருந்தால் மண் கொட்டி, பின்கால் பக்கத்தை உயர்த்துங்க. நஞ்சு தொங்கினால் அதில் கல்லைக் கட்டி இழுக்கவே கூடாது. இதுக்கெல்லாம் எந்த அதிகாரி கையெழுத்தும் தேவையில்லை.

ஆனால் தீவனத்துக்குப் பணம் வேண்டுமே. 2012 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 7.8 லட்சம் எருமைகள். 2019இல் சுமார் 5.2 லட்சம். மேய்ச்சல் நிலம் போச்சு, குளம் குட்டை போச்சு என்பதும் காரணந்தான். பால் வற்றிய காலத்தில் வைத்துக் காப்பாற்ற முடியாமல் சினையோடு சந்தைக்கு ஓட்டியதும் காரணமில்லையா? 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து எருமைப்பாலுக்கு 47 ரூபாய் என்றார்கள். வரவேற்றோம். அது ஊற்றுகிற பாலுக்கு. வயிற்றில் கிடக்கும் கன்றுக்கு யார் கணக்கு எழுதுவது?

இனாம் கேட்கவில்லை. எட்டு மாதம் முடிந்த சினை மாட்டுக்கு, கால்நடை டாக்டர் சினைச் சான்று தந்தால், சொசைட்டி இரண்டரை மூட்டை தீவனம் கடனாகத் தரவேண்டும். ஈன்ற பிறகு பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளட்டும், வட்டி மட்டும் கூடாது. தாது உப்பு அந்த 3 கிலோவை அரசே கொடுக்கட்டும். அவசரத்துக்கு 1962 வண்டி இருக்கிறது, சரி. மாதாமாதம் சினை பார்த்து முன்கூட்டியே எச்சரிக்க, காலியாகக் கிடக்கும் மருந்தகங்களில் டாக்டரைப் போடணும்.

அடுத்த பட்டுவாடா நாளில் சொசைட்டி வாசலில் கூடுகிறோம். காலைக் கறவை முடித்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வாங்க. பெண்கள் முன்வரிசையில் நிற்கணும், மாட்டைப் பார்ப்பது அவர்கள்தானே. பால் அட்டையை மறக்காதீங்க. ஒரு எழுத்தும் இல்லாமல் கிடக்கும் அந்த இரண்டு மாதப் பக்கத்தைத் திறந்து வைத்துத்தான் பேசப்போகிறோம்.