போட்டி முடிந்தபின் பிள்ளைகளின் ஓவியம் எங்கே போகிறது?

நியாலாஸ்: 2027ஆம் ஆண்டு முதல், ஆண்டு 1 மாணவர்களிலிருந்து தொடங்கி, நாட்டின் தொடக்கப்பள்ளிகளில் புதிய பாடத்திட்டம் அமலுக்கு வரவிருக்கிறது. தமிழ்மொழிக்கு எத்தனை மணி நேரம், கணிதம் எப்படி, தேர்வு உண்டா இல்லையா என்ற கேள்விகள் நம் பெற்றோரிடையே எழுவது இயல்பு. ஆனால் ஓவியம், கைவினை பற்றிய பேச்சு மட்டும் எழுவதே இல்லை. நியாலாஸ், ஆசஹான், பத்தாங் மலாக்கா வட்டாரத் தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் வளரும் பிள்ளைகளுக்கு இந்த மௌனம் ஓர் இழப்பு.

இப்போதுள்ள காட்சிக்கலைக் கல்வி சாதாரணப் பாடம் அல்ல. படம் வரைதல், கோலமும் வடிவமைப்பும், உருவாக்குதலும் கட்டுதலும், மரபுக் கைவினையை அறிதல் என நான்கு துறைகள் அதில் உள்ளன. வரைவதோடு பாடம் முடிந்துவிடுவதில்லை. தான் செய்ததைப் பற்றிப் பேசவும் பிறர் செய்ததைப் பார்த்துப் பாராட்டவும் மாணவர் கற்க வேண்டும் என்பதும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. ஆக, படைப்பைக் காட்சிக்கு வைப்பது ஆசிரியர் நேரம் கிடைத்தால் செய்யும் அலங்காரம் அல்ல; பாடத்தின் கடைசிப் படி.

நடைமுறை வேறாக இருக்கிறது. நம் சமூகத்தில் சிறுவர் ஓவியம் என்றதும் வண்ணம் தீட்டும் போட்டிதான் நினைவுக்கு வருகிறது. பொங்கல், தீபாவளி, ஆலயத் திருவிழா, குடும்ப தினம் என எந்த நிகழ்ச்சியானாலும், அச்சடித்த படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்கிறோம். மூன்று பேருக்குப் பரிசு, சிலருக்கு ஆறுதல் பரிசு. மேடையில் படம் எடுத்ததும் மற்றத் தாள்கள் பைக்குள் போகும், அல்லது நாற்காலிக்கு அடியில் கிடக்கும். பல பள்ளிகளின் சுவர்களிலும் கடையில் அச்சடித்த பதாகைகளும் பெரியவர்கள் வரைந்த சுவரோவியங்களுமே அதிகம். பிள்ளைகளின் கை அங்கே குறைவாகத்தான் தெரிகிறது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். சிறுவர் ஓவியத்தை நெடுங்காலம் ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல் வெளிவந்த தம் நூலில் பிள்ளைகளின் வரைதல் வளரும் படிகளை விளக்கினார். ஏழு முதல் ஒன்பது வயதுவரை பிள்ளை தனக்கென ஒரு வடிவம் வைத்துக்கொண்டு தயங்காமல் வரைகிறது. ஏறக்குறைய ஒன்பது, பத்து வயதில் 'நான் வரைந்தது நிஜம்போல இல்லையே' என்ற கூச்சம் வந்துவிடுகிறது. பலர் பென்சிலைக் கீழே வைப்பது அப்போதுதான். அச்சடித்த வண்ணம் தீட்டும் தாள்களை லோவன்ஃபெல்ட் கடுமையாக எதிர்த்தார். பெரியவர் வரைந்த கச்சிதமான கோட்டைப் பார்த்துப் பழகிய பிள்ளை தன் கோட்டை நம்ப மறுக்கிறது என்பது அவர் வாதம். 'எனக்கு வரையத் தெரியாது' என்று ஆண்டு 4 மாணவன் சொல்வதன் பின்னால் இந்தப் பழக்கமும் இருக்கக்கூடும்.

போட்டியே கூடாது என்பதல்ல. கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949இல் புதுடில்லியில் தொடங்கிய சிறுவர் ஓவியப் போட்டி, பின்னர் உலக நாடுகளின் பிள்ளைகளும் பங்கேற்கும் அளவுக்கு வளர்ந்தது. சிறுவர் ஓவியத்தைப் பெரியவர்கள் மதிக்க அது வழி செய்தது. ஆனாலும் போட்டி சிலரைத் தேர்ந்தெடுக்கும். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பும்.

இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரம் வேறு வழியில் போனது. 1945இல் போர் முடிந்தபோது அங்குள்ள ஒரு சிற்றூரின் மக்கள், விட்டுச் செல்லப்பட்ட பீரங்கி வண்டியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். ஆசிரியர் லோரிஸ் மலகுஸ்ஸி அவர்களோடு சேர்ந்துகொண்டார். அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளின் ஓவியத்தோடு அவர்கள் சொன்ன வார்த்தைகளையும் எழுதிச் சுவரில் வைத்தார்கள். 1981இல் அந்தப் படைப்புகள் ஸ்டாக்ஹோம் நவீனக் கலை அருங்காட்சியகம்வரை சென்றன. அங்கே முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. பிள்ளை என்ன நினைக்கிறது என்பதே காட்சிப் பொருள். பெற்றோரே கைகொடுத்து எழுப்பிய பள்ளி என்ற கதை நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் அந்நியமானதல்ல.

இன்றைய சூழலில் இதற்கு இன்னொரு தேவையும் உண்டு. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தானபின், வகுப்பறை மதிப்பீட்டின் முக்கியத்துவம் கூடியது. பிள்ளை எந்த அடைவு நிலையில் இருக்கிறது என்று ஓர் எண் வருகிறது. அந்த எண்ணின் பொருள் பல பெற்றோருக்கு விளங்குவதில்லை. ஜனவரியில் வரைந்த வீட்டையும் அக்டோபரில் வரைந்த வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பள்ளிக்கூடம் அதிகம் போகாத பாட்டிக்குக்கூட வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

மலாக்கா தமிழ்ப்பள்ளிகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 150க்கும் குறைவான மாணவர் கொண்ட பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. தோட்டப் பள்ளிகள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை. மாணவர் சேர்க்கையில் இது கவலை. ஆனால் 60 பிள்ளைகள் உள்ள பள்ளியில் 60 பேரின் படைப்பையும் ஒரே மண்டபத்தில் வைத்துவிடலாம். ஒருவரும் விடுபட மாட்டார்கள். ஆயிரம் பேர் படிக்கும் பட்டணத்துப் பள்ளியில் இது எளிதல்ல.

பொருளுக்கும் பஞ்சமில்லை. ரப்பர் விதை, செம்பனை ஓலை, குருத்தோலைத் தோரணம், வாசல் கோலம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. வரையவும் விஷயம் உண்டு. ஆசஹான் பக்கம் தெரியும் லேடாங் மலை, குலை ஏற்றிப் போகும் லாரி, தாத்தா வைத்திருக்கும் பால்வெட்டுக் கத்தி. குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில், தோட்ட வாழ்க்கையின் கடைசி நினைவுகளைப் பிள்ளைகளின் கோடுகள் பதிவு செய்து வைக்கக்கூடும்.

செலவும் பெரிதல்ல. ஓரம் வைக்க மணிலா அட்டை, கட்ட ஒரு கயிறு, துணி உலர்த்தும் கிளிப்பு போதும். இடம் பள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெற்றோர் வேலை முடிந்து பள்ளிக்கு வர முடியாத இடங்களில், திருவிழா நேரத்து ஆலய மண்டபமே சிறந்த காட்சிக்கூடம்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்பது நியாயமான பதில். தொங்கவிடுவதும் இறக்குவதும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வேலையாகட்டும். பாட நேரத்தில் பிறந்த படைப்பை எடுத்து வைத்தால் போதும். கண்காட்சிக்கெனத் தனியாக எதையும் செய்ய வேண்டாம்.

சில ஒழுங்குகளை மட்டும் விடாமல் கடைப்பிடிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு பிள்ளையின் படைப்பும் சுவருக்கு வர வேண்டும். அழகுக்காகப் பெரியவர்கள் கோட்டைத் திருத்தக்கூடாது. பிள்ளையே சொன்ன ஒரு வாக்கியத்தைத் தமிழில் கீழே எழுத வேண்டும். அது மொழிப் பயிற்சியும்கூட. கண்காட்சி முடிந்ததும் படைப்பைப் பிள்ளையிடமே திருப்பித் தர வேண்டும். சமூக ஊடகத்தில் போடுவதானால் பெற்றோர் அனுமதியோடு, முகமும் முழுப்பெயரும் இல்லாமல் போடுவதே பாதுகாப்பு.

அடுத்த திருவிழாவுக்கு வண்ணம் தீட்டும் தாள் அச்சடிக்க நினைக்கும் ஆலயக் குழுக்களும் இயக்கங்களும் இம்முறை வெள்ளைத் தாளைக் கொடுத்துப் பார்க்கட்டும். பரிசு வாங்காத பிள்ளையும் அப்பா அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, 'இது நான் வரைந்தது' என்று காட்ட ஓர் இடம் அந்த மண்டபத்தில் இருக்க வேண்டும்.