சின்னத்திரைக்கு வரலாறு வேண்டாமா?

2020 மார்ச் 28. கரோனா ஊரடங்கு தொடங்கி நான்காவது நாள். ராமானந்த் சாகரின் 'ராமாயண'த்தைத் தூர்தர்ஷன் மறுபடியும் ஒளிபரப்பத் தொடங்கியது. ஏப்ரல் 16 அன்று ஒரே நாளில் 7.7 கோடிப் பேர் அதைப் பார்த்ததாகப் பெருமையோடு அறிவித்தது. அதற்கு மூன்று நாள் முன்புதான் பழைய தொடர்களுக்கென்றே 'டிடி ரெட்ரோ' என்ற தனி அலைவரிசை வந்திருந்தது. 'மகாபாரதம்', 'சாணக்கியா', 'பியோம்கேஷ் பக்‌ஷி', 'சர்க்கஸ்', 'சக்திமான்' என்று 1980, 90-களின் தொடர்கள் வரிசைகட்டி வந்தன. பழைய நிகழ்ச்சிகளை இனி யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கோடையே பதில் சொல்லிவிட்டது.

அப்படியொரு பட்டியலைத் தமிழில் போடச் சொன்னால் எதையெல்லாம் சேர்ப்போம்? நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் நாலைந்து பெயர் சொல்வார்கள். பாலசந்தரின் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு'. சுஹாசினி இயக்கிய 'பெண்'. எஸ்.வி.சேகரின் 'வண்ணக் கோலங்கள்'. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. நாகாவின் 'மர்ம தேசம்'. பாலு மகேந்திராவின் 'கதை நேரம்'. பெயர் சொல்வது எளிது. இவற்றில் எது முழுமையாக, நல்ல பிரதியாக, யாரும் கேட்டால் பார்க்கக் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு இன்று எந்த நிறுவனத்துக்கும் இல்லை. ஒரு தொடர் நல்லதா, மோசமா என்று தீர்ப்புச் சொல்லப்பட்டு ஒதுங்கவில்லை. பார்க்கக் கிடைக்காததாலேயே ஒதுங்கிவிட்டது. தமிழ்த் தொலைக்காட்சியின் அரை நூற்றாண்டு இப்படித்தான் நம் கண்ணைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று வந்தது. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவிலும், அதற்குப் பிந்தைய ஏழெட்டு ஆண்டுகளிலும் தமிழில் இருந்தது வாராந்தரத் தொடர் என்ற வடிவம். தூர்தர்ஷனில் ஒரு தொடருக்கு அனுமதி கிடைத்தால் பெரும்பாலும் 13 வாரம். ஆண்டின் கால் பங்கு அது. அந்தப் பதின்மூன்று அரைமணி நேரத்துக்குள் கதையைத் தொடங்கி, வளர்த்து, முடித்தாக வேண்டும். வரவேற்பு இருந்தால் நீட்டிப்பு கிடைக்கும். முடிவு எங்கே என்று தெரிந்து எழுதிய கதைக்கும், மக்கள் பார்க்கும்வரை ஓட்டலாம் என்று எழுதிய கதைக்கும் உள்ள வேறுபாடு அந்தத் தொடர்களில் பளிச்சென்று தெரியும். 1999-ல் 'சித்தி' வந்து வாரத்தில் ஐந்து நாள் என்ற கணக்கு வேரூன்றிய பிறகு, அந்தக் கட்டுக்கோப்பு மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.

அந்தக் கட்டுக்கோப்பு என்ன தந்தது என்பதற்கு 'மர்ம தேச'த்தின் 'விடாது கருப்பு' நல்ல சான்று. இந்திரா செளந்தர்ராஜனின் கதை, கவிதாலயா தயாரிப்பு. தோட்டக்காரமங்கலம் என்ற கிராமத்தில் தப்புச் செய்கிறவர்களைக் கருப்புசாமியே குதிரையில் வந்து தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. வெளியூரிலிருந்து வரும் படித்த பெண்ணுக்கு அதில் நம்பிக்கை இல்லை. குழந்தைப் பருவத்துக் காயத்தையும் இன்றைய குற்றத்தையும் இரண்டு காலங்களாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டே போகிறது கதை. கடைசியில் உளவியல் விளக்கம் வருகிறது. ஆனால், ஊரின் நம்பிக்கையை அது கேலி செய்து தள்ளிவிடுவதில்லை. தெய்வமா, மனநோயா என்ற வழக்கில் இரு தரப்புக்கும் இடம் கொடுக்கிறது. ஒரு வாரம் காத்திருந்து பார்த்தவர்கள் அந்த ஏழு நாளும் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் யார் குற்றவாளி என்று துப்பறிந்துகொண்டிருந்தார்கள். பார்வையாளர் யோசிக்க அவகாசம் தந்தது அந்த வார இடைவெளி. இரண்டு காலங்களையும் குழப்பமில்லாமல் நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்று அவர்களை நம்பியது அந்தத் திரைக்கதை. இன்று ஓடிடியில் எட்டு, பத்து பாகங்களில் வரும் துப்பறியும் தொடர்களைப் புதுமை என்று கொண்டாடுகிறோம். தமிழில் அந்த வேலையை ஒரு குழு 1990-களிலேயே செய்து முடித்திருக்கிறது.

'கதை நேரம்' இன்னொரு வகை. பெரிய திரையில் தேசிய விருதுகள் வாங்கிய ஓர் இயக்குநர், வாராவாரம் ஒரு தமிழ்ச் சிறுகதையை எடுத்துக்கொண்டு அரைமணி நேரப் படமாக்கினார். சுந்தர ராமசாமி, சுஜாதா, மாலன் என்று பல தலைமுறை எழுத்தாளர்களின் கதைகள். பாட்டு இல்லை, அலறும் பின்னணி இசை இல்லை. மெளனிகா உள்ளிட்ட சில முகங்கள் வெவ்வேறு கதைகளில் வெவ்வேறு மனிதர்களாக வந்துபோனார்கள். சிறுகதையை வைத்துத் திரைக்கதை எழுதுவது எப்படி என்பதற்குத் தமிழில் இதைவிட விரிவான பாடப்புத்தகம் இல்லை. இதன் மதிப்பு தெரிந்து, மூலக்கதை, திரைக்கதை, படத்தின் குறுந்தகடு மூன்றையும் சேர்த்துத் தொகுப்பாக வெளியிட்டது திருவண்ணாமலையைச் சேர்ந்த வம்சி பதிப்பகம். ஒளிபரப்பான ஒன்றை நூலக அலமாரியில் வைக்கும்படி செய்த அரிய முயற்சி அது. அதைச் செய்தது தொலைக்காட்சித் துறையல்ல, ஒரு சிறு பதிப்பகம்.

இதே பாலு மகேந்திரா, 'வீடு', 'சந்தியா ராகம்' படங்களின் நெகடிவ்கள் இன்று இல்லை என்பதைத் தன் கடைசிக் காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லி வருந்தினார். விருது பெற்ற திரைப்படங்களுக்கே அந்த கதி என்றால், வியாழக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ ஒருமுறை ஒளிபரப்பாகிக் காற்றில் கரைந்த தொடருக்கு என்ன கதி?

கதைத் தொடர்களை மட்டும் வைத்து இதைப் பேசக் கூடாது. 'வயலும் வாழ்வும்' என்றாலே நமக்குச் சிரிப்பு வரும். படம் போடுவார்கள் என்று காத்திருந்தவர்களின் பொறுமையைச் சோதித்த நிகழ்ச்சி அது. இன்று அதன் பழைய நாடா ஒன்று கிடைத்தால், அன்றைய நெல் ரகங்கள், ஏர், இறைப்பு முறை, உரத்தை ஏற்கத் தயங்கிய விவசாயியின் கேள்வி, தஞ்சைக்காரரும் கோவைக்காரரும் பேசிய பேச்சு எல்லாம் அசையும் படமாக, ஒலியோடு கிடைக்கும். நேயர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன 'எதிரொலி' நிகழ்ச்சி, அரசுத் தொலைக்காட்சியைப் பார்த்து மக்கள் எதற்கு முகம் சுளித்தார்கள், எதைக் கேட்டு வாங்கினார்கள் என்பதன் பதிவு. அன்று யாரும் பொருட்படுத்தாத இந்த நிகழ்ச்சிகளுக்குத்தான் இன்று ஆய்வாளர்களிடம் மதிப்பு அதிகம்.

இவை ஏன் கிடைக்காமல் போகின்றன? மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது பணம். ஒளிநாடா அன்று விலை உயர்ந்த பொருள். ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு, அதன்மீதே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவது உலகெங்கும் இருந்த வழக்கம். பிபிசியே இதற்கு விலக்கல்ல. 1960-களில் வந்த 'டாக்டர் ஹூ' தொடரின் நூற்றுக்கு நெருக்கமான பாகங்கள் இப்படி அழிக்கப்பட்டுக் காணாமல் போயின. வெளிநாடுகளுக்கு விற்ற பிரதிகளைத் தேடி அலைந்து, 2013-ல் நைஜீரியத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் கிடங்கிலிருந்து ஒன்பது பாகங்கள் மீட்கப்பட்டதை பிரிட்டிஷ் பத்திரிகைகள் தலைப்புச் செய்தியாக்கின. நம் தொடர்களைத் தேடிப் போக அப்படி ஒரு வெளிநாட்டுக் கிடங்கும் இல்லை.

இரண்டாவது உரிமை. தூர்தர்ஷனின் 'ஸ்பான்சர்' முறையில் தயாரிப்பாளரே செலவு செய்து தொடரை எடுப்பார். ஒளிபரப்புக் கட்டணம் செலுத்துவார். பதிலுக்குக் கிடைக்கும் விளம்பர நேரத்தை விற்றுக் காசு பார்ப்பார். நாடா அவருடையது. நிறுவனம் மூடப்பட்டால், வீடு மாறினால், வாரிசுகளுக்கு அக்கறை இல்லாவிட்டால் அந்த நாடா பழைய பேப்பர் கடைக்குப் போகும். கவிதாலயா போல நிலைத்து நின்ற நிறுவனங்கள் தங்கள் தொடர்களை யூடியூபில் ஏற்றியதால்தான் 'மர்ம தேச'த்தை இன்றைய இளைஞர்கள் பார்க்கிறார்கள். மற்றவை பலவும் யாரோ ஒருவர் வீட்டு விசிஆரில் பதிந்துவைத்த, கோடு ஓடும் பிரதிகளாக அங்கங்கே உலவுகின்றன; உரிமைப் புகார் ஒன்று வந்தால் அதுவும் போய்விடும்.

மூன்றாவது காலம். 1980-களில் பயன்பட்ட யூமேட்டிக் நாடாவிலும் பின்னர் வந்த பீட்டாகேமிலும் காந்தத் துகள்களை ஒட்டிவைத்திருக்கும் பசை, நம் ஊர் ஈரப்பதத்தில் பிசுபிசுத்துப் போகும். அப்படிப்பட்ட நாடாவை 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் பதமாகக் காயவைத்த பிறகே ஓட்ட முடியும். அதுவும் சில தடவைதான். ஓட்டும் இயந்திரங்களின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் யுனெஸ்கோவும் 2019-ல் 'காந்த நாடா எச்சரிக்கை' என்றொரு திட்டத்தைத் தொடங்கின. 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றப்படாத நாடாக்களை அதன் பிறகு மீட்பது மிகவும் சிரமம் என்பது வல்லுநர்களின் பொதுக் கணிப்பு. அந்தக் கெடுவும் முடிந்துவிட்டது. நம் பதிப்புரிமைச் சட்டமோ ஒரு தொடருக்கு 60 ஆண்டுகள் பாதுகாப்பு தருகிறது. 1991-ல் வந்த தொடரின் உரிமை 2051 முடியும்வரை செல்லும். அந்த உரிமை எதன்மீது இருக்கிறதோ, அந்த நாடா அதுவரை தாங்காது.

பழைய தொடர்கள் எல்லாமே பொக்கிஷங்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பல தொடர்கள் சபா நாடகத்துக்கு முன்னால் கேமராவை வைத்தது போலத்தான் இருந்தன. மயிலாப்பூர், மாம்பலம் வீட்டு ஹாலைத் தாண்டாத கதைகள் ஏராளம். பணிப்பெண்ணும் கிராமத்தானும் சிரிப்பு மூட்டவே வந்துபோனார்கள். அரசு கையில் இருந்த ஊடகம் ஆட்சியாளரின் முகத்தை அலுக்க அலுக்கக் காட்டியது. இதெல்லாம் உண்மை. ஆனால், இந்தக் குற்றச்சாட்டுகளை நிரூபிக்கவும் ஆதாரம் வேண்டுமே! எந்தச் சாதியின் பேச்சு தொலைக்காட்சித் தமிழாக ஆனது, மாமியார் எப்போது வில்லியானார், பெண்கள் வேலைக்குப் போவதைப் பற்றிய பேச்சு எந்த ஆண்டில் மாறியது என்றெல்லாம் ஆராய விரும்பும் மாணவருக்கு நாம் கொடுக்க முடிவது பழைய வார இதழ்களின் டிவி பக்கத்தை மட்டும்தான். தியடோர் பாஸ்கரன் தமிழ் சினிமாவுக்கு எழுதியது போன்ற ஒரு வரலாறு சின்னத்திரைக்கு எழுதப்படாததற்கு, ஆள் இல்லாததைவிட ஆவணம் இல்லாததே பெரிய காரணம்.

இந்த இழப்பு நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டின் முதல் மெளனப் படமான 'கீசக வதம்' இன்று இல்லை. முதல் பேசும் படமான 'காளிதாஸ்' இல்லை. அந்தத் தலைமுறைக்கு சினிமா என்பது கொட்டகையில் பார்த்துவிட்டு மறந்துவிடும் கேளிக்கை. 1964-ல் புனேவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்தபோது பெரும்பகுதி அழிந்துவிட்டிருந்தது. அதே அலட்சியத்தைத் தொலைக்காட்சியிடம் இப்போது காட்டிக்கொண்டிருக்கிறோம்.

வழி இல்லாமல் இல்லை. இந்தியாவில் அச்சாகும் எந்தப் புத்தகமாக இருந்தாலும், அது இருபது ரூபாய் மாத நாவலே ஆனாலும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்கிறது 1954-ம் ஆண்டுச் சட்டம். லட்சக்கணக்கானோர் பார்க்கும் தொடருக்கு அப்படியொரு கடமை இல்லை. பிரான்ஸ் 1992-ல் சட்டம் இயற்றி, வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் இந்தக் கடமையைக் கொண்டுவந்தது. அதைச் செயல்படுத்தும் தேசிய ஒலி-ஒளி நிறுவனம், 2006-ல் ஒரு லட்சம் நிகழ்ச்சிகளை இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. வணிக உரிமை தயாரிப்பாளரிடமே இருக்கட்டும். பாதுகாப்பதற்கும் ஆய்வுக்கும் ஒரு பிரதி பொது நிறுவனத்திடம் இருக்கட்டும் என்பதுதான் அந்த ஏற்பாடு. இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

மத்திய அரசு சட்டம் கொண்டுவரும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஓலைச்சுவடிகளையும் அரிய நூல்களையும் டிஜிட்டலாக்கிவரும் தமிழ் இணையக் கல்விக்கழகத்திடம் ஒளிநாடாப் பிரிவு ஒன்றை ஒப்படைக்கலாம். நாடா வைத்திருக்கும் தயாரிப்பாளர்களிடம், 'உரிமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், டிஜிட்டலாக்கும் செலவை நாங்கள் ஏற்கிறோம், ஆய்வுக்கு ஒரு பிரதி தாருங்கள்' என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற ஓடிடி தளத்தைத் தொடங்கியிருக்கிறது. சென்னை நிலையத்தின் கைவசம் எந்தெந்த நிகழ்ச்சிகள், எந்த நிலையில் இருக்கின்றன என்ற முழுப் பட்டியலை அது முதலில் வெளியிட வேண்டும். என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் காப்பாற்றுவது என்று பேச முடியும்.

வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பரணில், இரும்பு அலமாரியின் மேல்தட்டில், கல்யாண கேசட்டுகளோடு கேசட்டாக, எப்போதோ டிவியிலிருந்து பதிந்த ஒரு விஎச்எஸ் உங்கள் வீட்டில் கிடக்கலாம். நாடகமோ, பேட்டியோ, செய்தியோ, நடுவில் வந்த விளம்பரமோ, எதுவாக இருந்தாலும் வேண்டாதது என்று தூக்கி எறியாதீர்கள். ஈரம் படாமல் வையுங்கள். மேலே தேதி எழுதுங்கள். முடிந்தால் டிஜிட்டலாக மாற்றிவையுங்கள். அரசு விழித்துக்கொள்ளும் நாளில் அந்த நிகழ்ச்சியின் ஒரே பிரதி உங்களுடையதாக இருக்கக்கூடும்.